கம்போடியாவுக்கு ஊழியப் பயணம்: மொழி தெரியாத குழுவுக்கு எந்த வழி?

"எங்கள் சபையிலிருந்து பத்துப் பேர் கம்போடியாவுக்குப் பத்து நாள் போகிறோம். கெமர் மொழி ஒருவருக்கும் தெரியாது. பாதிப் பேருக்கு ஆங்கிலமே தடுமாற்றம். என்ன செய்யலாம்?"

இதே கேள்வி ஊர் பெயர் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்களின் மனதில் ஐந்து வழிகள் ஓடுகின்றன: மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வைப்பது, கொஞ்சம் கெமர் கற்றுக்கொண்டு போவது, போனில் உள்ள மொழிபெயர்ப்பு ஆப்பை நம்புவது, பேச்சு தேவைப்படாத வேலையாகப் பார்த்து எடுப்பது, அல்லது பேசாமல் தமிழ் புழங்கும் மலேசியாவுக்கே போய்விடுவது. எல்லாமே சில இடங்களில் உதவும், சில இடங்களில் காலை வாரும். கம்போடியாவை வைத்தே ஐந்தையும் எடைபோடுவோம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், நீங்கள் செய்யப்போகும் வேலையில் பேச்சின் பங்கு. பிரசங்கம், சபையாரின் வீடு சந்திப்பு, ஆலோசனை மூன்றும் முழுக்க முழுக்கப் பேச்சு. பிள்ளைகளின் விடுமுறை வேதப் பள்ளியில் பாதி பேச்சு, பாதி கைவேலை. மின்விசிறி மாட்டுவதற்குப் பத்து வார்த்தை போதும்.

இரண்டாவது, சொன்னது தவறாகப் புரிந்தால் வரும் நஷ்டம். சந்தையில் தவறினால் ஒரு கிலோ மாம்பழத்துக்குப் பதில் இரண்டு கிலோ வரும். மருந்துச் சீட்டில் தவறினால் ஆளுக்கே ஆபத்து.

மூன்றாவதை யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் எங்கள் கணக்கில் அதுதான் முதலிடத்தில் இருக்க வேண்டியது: மொழி தெரியாத பாரத்தை யார் தலையில் வைக்கிறோம்? நீங்கள் சுமக்காததை அங்குள்ள சபை சுமக்கும். போதகரின் மகள் கல்லூரிக்கு மட்டம் போட்டு உங்கள் கூடவே பத்து நாள் அலைவாள். அது எந்தப் பட்ஜெட்டிலும் ஏறாத செலவு.

நான்காவது பணமும் தயாரிப்பு நேரமும். ஐந்தாவது சட்டம். கம்போடியாவில் மதச் சுதந்திரம் உண்டு. அதே அரசியலமைப்பின் 43ஆம் பிரிவு பௌத்தத்தை அரச மதம் என்கிறது. வீடு வீடாகப் போய் மதப் பிரசாரம் செய்ய அரசின் தடை இருக்கிறது. பிரசுரங்களைச் சபை வளாகத்துக்கு வெளியே விநியோகிக்கக் கூடாது. பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறத் தூண்டுவதும் குற்றம். "பேச வராவிட்டால் என்ன, கெமரில் கைப்பிரதி அச்சடித்துச் சந்தையில் கொடுத்துவிடலாமே" என்பது மொழி தெரியாத குழுவுக்கு முதலில் தோன்றும் யோசனை. அதை இங்கேயே கைவிடுங்கள். மாட்டிக்கொண்டால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், பதில் சொல்ல நிற்பவர் உள்ளூர்ப் போதகர்.

## வழி 1: மொழிபெயர்த்துச் சொல்ல ஆள்

பிரசங்கம், சாட்சி, ஜெபக் குறிப்பு கேட்பது, மருத்துவ முகாம் ஆகியவற்றுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. ஆனால் இதில்தான் கணக்கும் அதிகம் தப்புகிறது.

நேரத்தைப் பார்ப்போம். தமிழிலிருந்து நேரே கெமருக்கு மாற்றும் ஆள் கிடைப்பது அரிது. தமிழ், ஆங்கிலம், கெமர் என்று இரண்டு தாவல். இருபது நிமிடச் செய்தி ஒரு மணி நேரமாகிவிடும். தரையில் பாயில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் அதில் நாற்பது நிமிடம் தமக்குப் புரியாத சத்தத்தைத்தான் கேட்பார்கள். ஆகவே குழுவில் ஆங்கிலம் தெளிவாகப் பேசுகிறவர் மட்டும் பேசட்டும், அதுவும் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சபையில் மூத்தவர் என்பதற்காக மேடையைத் தமிழில் கொடுத்தால் இரண்டாவது தாவல் தானாக வந்து சேரும்.

அடுத்தது தமிழருக்கே உரிய ஒரு சிக்கல். நம் வினைச்சொல் கடைசியில் வரும். "தேவன் உங்கள் பாவங்களையெல்லாம் அந்தச் சிலுவையிலே..." என்று உருக்கமாக இழுத்து நிறுத்தினால், மொழிபெயர்ப்பவர் கையில் ஒன்றுமே இல்லை. சுமந்தாரா, மன்னித்தாரா, ஆணியடித்தாரா? கெமரில் எழுவாய்க்கு அடுத்தபடியே வினை வந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் பேசினாலும் தமிழில் யோசிக்கிறவர்கள் இப்படித்தான் பாதியில் நிறுத்துகிறார்கள். முழு வாக்கியம், எட்டுப் பத்துச் சொல்லுக்குள், ஒரே கருத்து. முடித்துவிட்டு வாயை மூடுங்கள். செய்தியை எழுதி ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டால் வேலை பாதியாகக் குறையும்.

வசனத்தை ஒருபோதும் வாய்மொழியாக மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். கெமர் வேதாகமம் 1954இலேயே முழுமையாக வந்துவிட்டது, பின்னர் இன்றைய நடையிலும் ஒன்று வந்தது. அந்தச் சபை எதைப் பயன்படுத்துகிறது என்று கேட்டு, அதிலிருந்து உள்ளூர் விசுவாசி ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கெமரில் சாதாரண ஆள் சாப்பிடுவதற்கு ஒரு சொல், பிக்கு உண்பதற்கு ஒரு சொல், அரசர் அமுது கொள்வதற்கு ஒரு சொல். இயேசுவுக்கு அரச வழக்கைத்தான் ஆளுகிறார்கள். இருபது வயதுப் பையன் கூட்டத்தின் நடுவில் அதைச் சட்டென்று பிடிப்பது கஷ்டம். வேதாகமத்தில் அது சரியாகவே இருக்கும்.

சொற்களிலும் குழி இருக்கிறது. பாவத்துக்குக் கெமரில் "பாப்". நம் பாவத்தின் உடன்பிறப்புதான். ஆனால் பௌத்தக் கிராமத்தில் அது முதலில் உயிர்க்கொலையை நினைவூட்டக்கூடும். "நாம் எல்லோரும் பாவிகள்" என்றதும் கோழி அறுத்தவர் தலையைக் குனிவார், அறுக்காதவர் நம்மைப் பற்றியல்ல என்று இருந்துவிடுவார். "மறுபடியும் பிறக்க வேண்டும்" இன்னும் மோசம். பிறவிச் சுழலிலிருந்து தப்பிக்க வழி தேடும் மக்களிடம் இன்னொரு பிறவியை நற்செய்தியாகக் கொடுத்ததாக ஆகும். இப்படிப்பட்ட சொற்கள் ஒரு பத்து இருக்கும். முந்தைய நாள் மாலை மொழிபெயர்ப்பவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து, "இதைக் கிராமத்து ஆள் எப்படிப் புரிந்துகொள்வார்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "ஆத்தும ஆதாயம்", "இரத்தக் கோட்டை" போன்ற நம் சபைத் தமிழை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மறைந்த செலவுகள்: நான்கு பேருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் என்பது குறைந்தபட்சம். பத்துப் பேருக்கு ஒருவர் என்றால் மூன்றாம் நாள் அவருக்குத் தொண்டை கட்டிவிடும். காலைக் கூட்டம், மதியம் பிள்ளைகள், மாலை வீடு சந்திப்பு என்று ஓடிவிட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அவரையே "இது என்ன கறி என்று கேளுங்கள்" என்று குடைந்தால் ஆள் தாங்கமாட்டார். சாப்பாட்டு நேரம் அவருக்கு ஓய்வு என்று எழுதியே வையுங்கள். கூலியை முன்கூட்டியே போதகரிடம் பேசி, நாள் கணக்கில் கொடுங்கள். "ஊழியம்தானே" என்று சொல்லி உழைப்பை இலவசமாக வாங்கிக்கொள்ளாதீர்கள். டாலரில் கொடுப்பதானால் கிழிசலும் கறையும் இல்லாத நோட்டுகளாகக் கொண்டுபோங்கள், கிழிந்த டாலரை அங்கே எவரும் வாங்கமாட்டார்கள்.

இளைஞர் பெரியவரின் பேச்சைத் திருத்தமாட்டார், எதிர்க்கேள்வி கேட்கமாட்டார். புரியாவிட்டாலும் தோராயமாக எதையாவது சொல்லி ஒப்பேற்றுவார். கூட்டத்தின் முடிவில் "ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றதும் முழுக் கூட்டமும் உயர்த்தினால், தூரத்திலிருந்து வந்த விருந்தாளிக்குக் காட்டிய மரியாதையாகவும் அது இருக்கலாம். அந்தத் தலைக்கணக்கை ஊருக்குத் திரும்பி அறிக்கையில் எழுதாதிருப்பது நல்லது.

## வழி 2: கொஞ்சம் கெமர் கற்றுக்கொண்டு போவது

எட்டு வாரத்தில் எழுபது எண்பது சொல். இதை நாங்கள் எல்லாக் குழுவுக்கும் கட்டாயம் என்போம், ஆனால் இது தனியாக நிற்காது.

தமிழருக்கு இதில் சாதகம் உண்டு. தாய், வியட்நாமிய மொழிகளில் உள்ளது போன்ற சுரபேதம் (குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருள் மாறுவது) கெமரில் இல்லை. வினை காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறாது. எழுத்தும் பல்லவ எழுத்தின் வழிவந்ததுதான், ஆனால் பத்து நாள் பயணத்துக்கு எழுத்தைத் தொட வேண்டாம். சொற்களில் பழகிய முகங்கள் நிறைய: "க்ரூ" குரு, "முக்" முகம், "துக்" துக்கம், "சொக்" சுகம். "சொக் சபாய் தே?" என்றால் சுகமா. ஞாயிற்றுக்கிழமை "தங்ஙாய் ஆதித்", ஆதித்தனின் நாள். எண்கள் ஐந்தோடு நின்றுவிடும்: முவொய், பீ, பெய், புவொன், ப்ராம். ஆறு என்பது ப்ராம்-முவொய், அதாவது ஐந்தும் ஒன்றும். பத்துக்கு "டொப்". பிள்ளைகளோடு விளையாட இதுவே போதும்.

உறவுமுறைதான் உண்மையான பொக்கிஷம். அங்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட முறை சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதை. மூத்தவர் "பொங்", ஆணோ பெண்ணோ. பெற்றோரைவிட இளையவர் "பூ" அல்லது "மிங்", நம் சித்தப்பா, சித்தி. பெற்றோரைவிட மூத்தவர் "ஓம்", நம் பெரியப்பா, பெரியம்மா. தாத்தா "லோக் தா", பாட்டி "யெய்". ஆங்கிலேயருக்கு இது பாடம், நமக்குப் பழக்கம். ஒரு எச்சரிக்கை: இளையவரைக் குறிக்கும் "ஒன்" என்ற சொல் காதலர், தம்பதியர் நடுவிலும் புழங்குவது. வாலிபர்கள் இளம்பெண்களை அப்படிக் கூப்பிட வேண்டாம்.

"ஆம்" என்பதற்கு ஆண் சொல்லும் சொல் "பாத்", பெண் சொல்வது "சா". இதையும் இரண்டு பட்டியலாகப் பிரித்துக் கற்பிக்கவில்லை என்றால் அண்ணன்மார் எல்லோரும் "சா, சா" என்று தலையாட்டிச் சிரிப்பு வாங்குவார்கள். எதிரே இருப்பவர் "பாத்" என்றால் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதும் ஆகலாம், ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கற்கும் முறை: யூடியூப் காணொளியைவிட, அந்தச் சபையின் ஆள் ஒருவரிடம் வாரம் பத்துச் சொல்லைக் குரல்பதிவாக வாங்குவது நல்லது. டெலிகிராம் அங்கே பரவலாகப் புழங்குகிறது. நாங்கள் இங்கே எழுதிய தமிழ் ஒலிபெயர்ப்பே அரைகுறைதான். கெமரில் மூச்சொலிகளும் வாய்க்குள் அமுங்கும் கடைசி மெய்யும் உண்டு, அவை காதால் மட்டுமே வரும். தினம் பதினைந்து நிமிடம், சனிக்கிழமை குழுவாக ஒரு மணி நேரம். ஐந்தாம் வாரத்தில் பாதிப் பேர் நழுவுவார்கள். அதனால் முதல் நான்கு வாரத்திலேயே வணக்கம், நன்றி ("ஆ குன்"), மன்னிக்கவும், உறவுமுறை, எண் ஆகியவற்றை முடித்துவிடுங்கள்.

இதன் எல்லை: நீங்கள் கேள்வி கேட்டுவிடுவீர்கள், பதில் புரியாது. நன்றாக உச்சரித்தால் இன்னும் வேகமாகப் பதில் வரும்!

## வழி 3: போனில் ஆப்

டுக்டுக் ஓட்டுநர், விடுதி, கடை. இவ்வளவுக்கு நல்லது, இதைத் தாண்டி வேண்டாம்.

பேச்சுத் தமிழை ஆப் சொதப்பும். "போய்ட்டு வந்துர்றோம்" என்பதைவிட "நாங்கள் மாலை 5 மணிக்குத் திரும்புவோம்" என்று தட்டுங்கள், ஆங்கிலத்தில் தட்டினால் இன்னும் நல்லது. வந்த கெமர் வாக்கியத்தைத் திருப்பித் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். பொருள் சரியாக வந்தாலும் மரியாதை சரியா என்பது அதில் தெரியாது. எதிரே நிற்பது யெய்யா, பள்ளிக்கூடப் பையனா என்று ஆப்புக்குத் தெரியாதே.

இன்னொன்றை யாரும் நினைப்பதில்லை. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டு இயக்கத்தின் ஆட்சியில் பள்ளிகளே இல்லை. அந்த ஆண்டுகளில் படிக்கும் வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதை ஒட்டியவர்கள். அப்படி ஒரு அம்மாவிடம் திரையை நீட்டி "வாசியுங்கள்" என்றால், வாசிக்கத் தெரியாததை எல்லார் முன்னாலும் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். ஒலியாகப் போட்டுக் காட்டுங்கள்.

ஜெபக் குறிப்பு, குடும்பச் சண்டை, நோய் விவரம் எதையும் ஆப்பில் தட்டாதீர்கள். அது எங்கோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது, சொன்னவர் அதற்குச் சம்மதிக்கவில்லை.

செலவு: உள்ளூர் சிம் (பாஸ்போர்ட் காட்ட வேண்டும்), பவர் பேங்க். கிராமத்தில் சிக்னல் போனால் இந்த வழியும் போயிற்று.

## வழி 4: கையால் செய்யும் ஊழியம்

தச்சர், எலக்ட்ரீஷியன், தையல்காரர், முடி வெட்டுபவர், இசை கற்பிப்பவர் குழுவில் இருந்தால் இது முதல் தரம். மின்சாரம் அங்கும் 230 வோல்ட்தான், ஆனால் நம் உருண்டை மூன்று முள் பிளக் பல இடங்களில் ஏறாது, அடாப்டர் வேண்டும். உள்ளூர் வாலிபர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் செய்து காட்டுங்கள். அவர் கையால் இரண்டாவது விசிறியை மாட்டினால்தான் அந்த வேலை அங்கே தங்கும்.

கைத்தொழில் தெரியாத பத்துப் பேர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவதை நாங்கள் ஆதரிக்கமாட்டோம். ஒரு டிக்கெட் விலைக்கு உள்ளூர்க் கொத்தனார் பல நாள் வேலை செய்வார், குடும்பமும் சாப்பிடும்.

இரண்டு ஏமாற்றுகள் இந்த வகையில் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மருத்துவ முகாம். ஸ்டெதஸ்கோப் கைவேலை போலத் தோன்றும், ஆனால் அது முழுக்கப் பேச்சு. எத்தனை நாளாக, எங்கே, வேறு என்ன மாத்திரை, கர்ப்பமா? ஒரு மருத்துவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர், மருந்து கொடுக்கும் மேசைக்குத் தனியாக ஒருவர், அதோடு உள்ளூர் சுகாதாரத் துறையின் அனுமதி. இவை இல்லாமல் முகாம் வேண்டாம். மாத்திரை உறையில் சூரியன் உதிப்பது, உச்சி வெயில், நிலா என்று படம் போட்டு எண்ணிக்கையைப் புள்ளியாக வையுங்கள். பிறகு "எப்படிச் சாப்பிடுவீர்கள், காட்டுங்கள்" என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் "பாத்" என்றுதான் வரும்.

மற்றொன்று "வார்த்தையில்லாப் புத்தகம்", அதாவது எழுத்தே இல்லாமல் நிறப் பக்கங்களால் நற்செய்தியைச் சொல்லும் சிறு புத்தகம். 1866இல் ஆங்கிலேயப் போதகர் ஸ்பர்ஜன் கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று நிறத்தில் பயன்படுத்தியது, பிறகு பொன்னிறமும் பச்சையும் சேர்ந்தன. நிறம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நம்பி எடுத்துப் போகிறார்கள். கம்போடியாவில் வெள்ளை துக்க வீட்டு உடை. இருதயம் வெள்ளையாகும் என்பதை விளக்க மறுபடி மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும்.

அநாதை இல்லத்தில் போய்ப் பிள்ளைகளோடு விளையாடுவதும் மொழி வேண்டாத ஊழியம் என்று பட்டியலில் ஏறிவிடுகிறது. அங்கு இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததை யுனிசெஃப் பல ஆண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டியது. வருகையாளர் பணம்தான் பிள்ளைகளை வீட்டிலிருந்து இல்லத்துக்கு இழுக்கிறது. இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

## வழி 5: தமிழ் புழங்கும் நாட்டுக்குப் போவது

இதைத் தப்பித்தல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலேசியாவில் மெதடிஸ்டு சபைக்குத் தமிழ் மாநாடே (தமிழ்ச் சபைகளுக்கான நிர்வாகப் பிரிவு) தனியாக உண்டு. அங்குள்ள லுத்தரன் சபையும் தமிழர் வழி வளர்ந்தது. இலங்கையின் மலையகத் தோட்டங்களிலும் தமிழ்தான். ஆலோசனை, மணவாழ்வு வகுப்பு, குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான பணி போன்றவற்றை இரண்டு தாவலில் செய்ய முடியாது. அந்த வரம் உள்ளவர்கள் இங்கேதான் போக வேண்டும்.

மறைந்த செலவு, தமிழ் இருக்கிறதே என்று தயாரிப்பைக் குறைத்துவிடுவது. மலேசியத் தமிழில் மலாய்ச் சொற்கள் கலந்திருக்கும். அங்கு முஸ்லிம்களிடையே பிறமதப் பிரசாரத்தை மாநிலங்கள் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு இடம் தருகிறது. நம் குழுவின் வாய்த்துடுக்கு தமிழில்தான் அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| வழி | எதற்கு | தயாரிப்பு | பாரம் யாருக்கு | எதற்கு ஆகாது |
|---|---|---|---|---|
| மொழிபெயர்ப்பாளர் | செய்தி, வீடு சந்திப்பு, மருத்துவம் | உரை ஒரு வாரம் முன்பே | உள்ளூர் சபைக்கு அதிகம் | நாள் முழுக்கப் பேச்சு |
| கொஞ்சம் கெமர் | உறவு, பிள்ளைகள், சாப்பாட்டு மேசை | 8 வாரம் | நமக்கு | உபதேசம், ஆலோசனை |
| ஆப் | கடை, வண்டி, விடுதி | ஒரு மாலை | யாருக்கும் இல்லை | ஜெபம், நோய், இரகசியம் |
| கைவேலை | தொழில் தெரிந்தவர்கள் | கருவி, அடாப்டர் | குறைவு | தொழில் தெரியாத கூட்டம் |
| தமிழ் புழங்கும் நாடு | ஆலோசனை, வகுப்பு | உள்ளூர் வழக்கு, சட்டம் | குறைவு | கெமர் மக்களிடம் போகும் நோக்கம் |

## யாருக்கு எது

பத்து நாள், கலவையான குழு என்றால் ஒன்றும் இரண்டும் சேர்ந்து, ஆப் பையில். பேச்சாளர் ஒருவர், தொழில் தெரிந்தவர் மூன்று பேர் என்று ஆறு பேருக்குள் அடங்கும் குழு என்றால் நான்காவதை முதுகெலும்பாக வைத்து, மொழிபெயர்ப்பாளரை ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் கேளுங்கள். ஆங்கிலமே தடுமாறும் மூத்தவர்கள் நிறைந்த குழுவுக்கு ஐந்தாவது. ஓராண்டுக்கு மேல் தங்கப் போகிறவருக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. 1903இல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியபோது, போனவர்கள் தெலுங்கு கற்றுக்கொண்டுதான் ஊழியம் செய்தார்கள். ஓராண்டுக்கு மேல் தங்குகிறவருக்கும் அதே வழிதான்: முதல் ஆண்டு முழுக்க மொழிப் படிப்பு.

தேதியிலும் ஒரு கவனம். கோடை விடுமுறை என்று ஏப்ரல் நடுவில் போடுகிறார்கள். கெமர்ப் புத்தாண்டும் நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வரும். அந்த வாரம் மொழிபெயர்ப்பவர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள், மறுக்கத் தெரியாமல் உங்களுக்காக யாராவது ஒருவர் தங்கிவிடுவார். செப்டம்பர், அக்டோபரில் வரும் முன்னோர் திருநாளான ப்சும் பெனுக்கும் இதே நிலைதான்.

டிக்கெட் எடுக்கும் முன் அங்குள்ள போதகருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: "எங்களுக்காக உங்கள் சபையில் எத்தனை பேர், எத்தனை நாள் வேலையையோ படிப்பையோ விட வேண்டியிருக்கும்?" மரியாதைக்காக "பரவாயில்லை, வாருங்கள்" என்றுதான் முதலில் பதில் வரும். எண்ணாகக் கேளுங்கள். நான்கு பேர் என்று வந்தால், பத்துப் பேர் கொண்ட உங்கள் குழுவை ஐந்தாக்கிவிட்டு மறுபடியும் கேளுங்கள்.